சிறு செலவுத் திகில் படங்களில் யாருக்கு என்ன வேடம்?



சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியன் பேய்ப் படங்களைப் பற்றிப் பேச முன்வந்தது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, தமிழகத்துக்கும் ரோமாபுரிக்கும் இருந்த வாணிகத் தொடர்பை நிலைநாட்ட அவருக்குப் பெரிதும் உதவியவை உடைந்த பானையோடுகளே. மன்னன் கல்லில் வெட்டுவித்த மெய்க்கீர்த்தி, உலகம் தன்னை எவ்வாறு நினைக்கவேண்டும் என்று அவன் விரும்பினானோ அதைச் சொல்லும். பானையோட்டுக்கு அப்படி ஓர் ஆசை கிடையாது. அது கிடந்தபடியே கிடந்து உண்மையைச் சொல்லிவிடும். திரைப்படங்களிலும் இவ்விரு வகையும் உண்டு. கோடிக்கணக்கிற் செலவிட்டு எடுக்கும் படம் மெய்க்கீர்த்தியைப் போன்றது. கைக்காசைத் திரட்டி, அவசரம் அவசரமாக எடுத்து முடிக்கும் மலிவுப் படமோ பானையோட்டைப் போன்றது. ஒரு சமுதாயம் பெண்ணுக்கும் வேற்று நிறத்தாருக்கும் எந்த இடத்தைக் கொடுத்தது என்று அறிய விரும்புபவன் இந்த ஓடுகளையும் பொறுக்கிப் பார்த்தல் வேண்டும்.

நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டுகள் தொடங்கி எழுந்த விஞ்ஞானத் திகில் படங்களை. 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெரிய படக் கம்பெனிகள் கொட்டகைகளையும் தாமே வைத்துக்கொண்டு ஏகபோகம் நடத்துவது சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஏறக்குறைய அதே காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வீடுதோறும் புகலாயிற்று. காலியாகத் தொடங்கிய கொட்டகைகளை நிரப்பச் சிறு தயாரிப்பாளர்கள் வந்தார்கள்; ஒரே சீட்டுக்கு இரண்டு படம் காட்டினார்கள். அணுகுண்டு எல்லார் மனத்தையும் அச்சுறுத்திய காலம் அது. ஆகவே திரையில் எறும்பு யானையினும் பெரிதாயிற்று; சிலந்தி வீட்டினும் பெரிதாயிற்று. இத்தகைய படங்களை எடுத்துத் தள்ளிய ரோஜர் கார்மன், 1960இல் வெளிவந்த 'தி லிட்டில் ஷாப் ஆப் ஹாரர்ஸ்' என்ற படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளிற் படம்பிடித்து முடித்துவிட்டார். எங்கள் பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குக்கூட ஒரு மாத ஒத்திகை வேண்டியிருந்தது!

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களை வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் சொல்வதுண்டு. பாடத்தைக் கவனிப்பதற்காக அன்று. கேள்வி கேட்பவர் யார், விடை சொல்ல வாய்ப்புப் பெறுபவர் யார், கரும்பலகை துடைக்கவும் தண்ணீர் கொண்டுவரவும் மட்டுமே எழுந்திருப்பவர் யார் என்று கவனிப்பதற்காக. அந்தக் கண்ணோடுதான் நான் இப்படங்களையும் பார்த்தேன். அறிவுள்ள சொல்லை யார் வாயில் வைத்திருக்கிறார்கள்? முடிவு செய்பவர் யார்? உழைத்தவரின் பெயர் எழுத்தாய்த் திரையில் வருகிறதா?

முதல் ஓடு நமது சேலத்திலேயே கிடைக்கிறது. 1952இல் 'தி ஜங்கிள்' என்றோர் ஆங்கிலப் படம் வெளிவந்தது. வில்லியம் பெர்க் என்னும் அமெரிக்கர், மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்தோடு கூட்டாக எடுத்த படம் அது. யானைக் கூட்டங்கள் வெறிகொண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணம் தேடிக் காட்டுக்குட் சென்றவர்கள், என்றோ அழிந்துபோன மாமூத் என்னும் சடைமயிர் யானைகளைக் காண்கிறார்கள். சாதாரண யானைகளுக்கு மயிர்ப் போர்வை போர்த்தி மாமூத் ஆக்கிவிட்டார்கள். இது சிரிப்புக்குரியது, ஆயினும் குற்றம் இல்லை. நான் சுட்டவருவது வேறு. கதையில் சீதா என்றோர் இந்திய இளவரசி உண்டு. அவளாக நடித்தவர் மேரி வின்ட்சர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. ராமசிங்காக நடித்தவர், நியூயார்க்கிற் பிறந்த சீசர் ரொமேரோ. காடு நம்முடையது, யானை நம்முடையது, எம். என். நம்பியார் முதலிய நம் நடிகர்களும் அதில் இருந்தார்கள். எனினும் இந்தியப் பெண்ணாய் முன்னின்று பேசுவதற்கு இந்தியப் பெண் ஒருத்தி வேண்டியிருக்கவில்லை. சிக்கனம் படக்காரர்களைக் கடல்கடந்து சேலம் வரையிற் கொண்டுவந்தது. மனத்திலிருந்த வழக்கமோ ஹாலிவுட்டை விட்டு நகரவில்லை. சிறு படம் என்பதனாலேயே அது தாராளமான படமாகிவிடாது என்பதற்கு இதையே சான்றாகக் கொள்ளலாம்.

ஆனால் அதே மலிவுப் படங்களில், அக்காலத்துப் பெரும் படங்கள் பல காட்டாத ஒருத்தியையும் காண்கிறோம். அவள் விஞ்ஞானம் கற்ற பெண். 1955இல் வெளிவந்த 'இட் கேம் பிரம் பினீத் தி சீ' என்ற படத்தில் கடலடியிலிருந்து பேருருவான சாக்குக்கணவாய் ஒன்று எழுந்து வந்து சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பாலத்தைப் பற்றுகிறது. சாக்குக்கணவாய்க்கு எட்டுக் கரங்கள் என்று விலங்கியல் படித்த மாணவர்கள் சொல்வீர்கள். இந்தப் படத்தில் அதற்கு ஆறே கரங்கள்! பொம்மையை அணு அணுவாக நகர்த்திப் படம்பிடித்த ரே ஹாரிஹாவுசன், செலவையும் நாளையும் மிச்சப்படுத்த இரண்டு கரங்களைக் குறைத்துவிட்டார். இந்த ஆறு கரத்து விலங்கு இன்னதென்று ஆராய்ந்து அறிபவர்களில் ஒருத்தி பேராசிரியை லெஸ்லி ஜாய்ஸ். ஃபெய்த் டொமெர்க் என்ற நடிகை ஏற்ற வேடம். கடற்படை அதிகாரி அவளை அபாயத்திலிருந்து விலக்கி ஊருக்கு அனுப்பிவிடப் பார்க்கிறார். அவளோ போக மறுத்துத் தன் வேலையைத் தொடர்கிறாள். அவளோடு பணியாற்றும் மற்றொரு விஞ்ஞானி, இவள் புதுமாதிரிப் பெண் என்று அதிகாரிக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. விலங்கைக் கண்டு அவள் அலறும் இடமும் படத்தில் உண்டு. கற்றவளாயினும் பெண் அலறியே ஆகவேண்டும் என்பது அக்காலத்து விதி.

இன்னொரு வேடிக்கையைக் கவனித்தேன். 1954இல் வந்த 'தெம்!' படத்து எறும்பியல் அறிஞைக்குப் பெயர் 'பாட்'. 1955இல் வந்த 'டாரன்டுலா' படத்து ஆராய்ச்சி மாணவிக்குச் செல்லப் பெயர் 'ஸ்டீவ்'. இங்கே நாம் கண்டவளோ 'லெஸ்லி'. கேட்டவுடன் ஆணோ பெண்ணோ என்று ஐயுறத்தக்க, அல்லது ஆணென்றே எண்ணத்தக்க பெயர்கள். ஆண் வருவான் என்று எதிர்பார்த்திருக்கப் பெண் வந்து இறங்குவதில் ஒரு வியப்பு. அந்த வியப்பே அன்றைய சமுதாயத்தின் நிலையைக் காட்டிவிடுகிறது. விஞ்ஞானி பெண்ணாக இருப்பது அக்கதைகளில் அரக்கச் சிலந்திக்கு அடுத்த அதிசயம்.

திரைக்குள் நிகழ்ந்தது இது. திரைக்குப் பின்னால் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 1954இல் யுனிவர்சல் கம்பெனி 'கிரீச்சர் பிரம் தி பிளாக் லகூன்' என்ற படத்தை வெளியிட்டது. மீனும் மனிதனும் கலந்த அந்த உருவத்தை இன்றைக்கும் உலகம் அடையாளம் கண்டுகொள்கிறது. அதை வரைந்து வடிவமைத்தவர் மிலிசென்ட் பாட்ரிக் என்னும் ஓவியப் பெண்மணி. முன்னர் டிஸ்னி கூடத்தில் வேலை பார்த்தவர். கம்பெனியும் முதலில் அவரையே ஊர் ஊராக அனுப்பி விளம்பரம் செய்தது. ஒப்பனைப் பிரிவின் தலைவராயிருந்த பட் வெஸ்ட்மோருக்கு இது பொறுக்கவில்லை. பூதத்தைப் படைத்த அழகி என்று தொடங்கிய விளம்பரம், பூதத்தோடு வாழும் அழகி என்று மாற்றப்பட்டது. ஒரே ஒரு வினைச்சொல்லை மாற்றினார்கள். படைப்பு அவர் கையைவிட்டுப் போயிற்று! படத்தில் அவர் பெயர் இல்லை. வெஸ்ட்மோர் அவருக்கு மீண்டும் வேலை கொடுக்கவில்லை. பாட்ரிக் 1998இல் காலமானார். அவர் வரலாற்றைத் தேடித் தொகுத்து மாலரி ஓமீரா எழுதிய நூல் வெளிவந்தது 2019இல்தான். படம் வந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து! இலக்கணத்தில் வினைமுற்றுப் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இனி இப்பேச்சின் நடுநாயகமான படத்துக்கு வருகிறேன். பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துவந்த சில இளைஞர்கள், ஆளுக்கு 600 டாலர் வீதம் போட்டு ஒரு படம் எடுக்கத் தொடங்கினார்கள். ஜார்ஜ் ரொமேரோ இயக்குநர். முன்னர்ச் சொன்ன சீசர் ரொமேரோவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னர் வேறு சிலரும் பணம் போட, மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர் ஆயிற்று. கறுப்பு வெள்ளைப் படம். இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. 1967இல் எடுத்து 1968 அக்டோபர் முதல் நாள் பிட்ஸ்பர்க்கில் வெளியிட்டார்கள். 'நைட் ஆப் தி லிவிங் டெட்', அதாவது உயிர்ப் பிணங்களின் இரவு, என்பது பெயர்.

கதை இவ்வளவுதான். வெள்ளிக் கோளுக்குச் சென்று திரும்பிய விண்கலம் ஒன்றின் கதிரியக்கமே காரணமோ என்று தொலைக்காட்சியிற் பேசிக்கொள்கிறார்கள். எதனாலோ, இறந்தவர்கள் எழுந்து நடந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டில் ஏழு பேர் ஒரு முழு இரவு அகப்பட்டுக்கொள்கிறார்கள். அவர்களுள் தலைமை ஏற்பவன் பென். அந்த வேடத்தில் நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்னும் கறுப்பினத்தவர். மற்ற அறுவரும் வெள்ளையர்.

இதன் பெருமை விளங்க, அக்காலத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதாகக் காட்டலாகாது என்ற விதி ஹாலிவுட்டின் ஒழுங்குமுறை ஏட்டில் 1956 வரையில் இருந்தது. அவர்கள் மணம் செய்துகொள்வதைத் தடுத்த மாநிலச் சட்டங்கள் செல்லா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967 ஜூனில். அதே ஆண்டு இறுதியில் 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' என்ற பெரும் படம் வந்தது. அதிற் சிட்னி பாய்ட்டியர் ஏற்ற வேடம், வெள்ளையப் பெண் ஒருத்தியை மணக்க விரும்பும் கறுப்பின இளைஞன். அவன் உலகப் புகழ் வாய்ந்த மருத்துவன், குறையொன்றும் இல்லாதவன். ஒரு வெள்ளையர் வீட்டு விருந்து மேசையில் உட்காருவதற்கே ஒரு கறுப்பினத்தவனுக்கு அத்தனை தகுதிகள் தேவைப்பட்டன! பென்னுக்கு அத்தகைய சான்றிதழ் எதுவும் இல்லை. அவன் சினம் கொள்கிறான், அடிக்கிறான், தன்னைக் காட்டிக்கொடுக்கத் துணிந்த கூப்பர் என்ற வெள்ளையனைச் சுடவும் செய்கிறான். கதவு சன்னல்களைப் பலகையால் அடைத்து மேல்தளத்தில் நின்று எதிர்க்கவேண்டும் என்பது பென்னின் கட்சி. நிலவறைக்குட் பதுங்கவேண்டும் என்பது கூப்பரின் கட்சி. கடைசியில் பென் உயிர் தப்புவது அதே நிலவறையிலேதான். கூப்பர் இழிந்தவன், ஆயினும் அந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னதே சரி. ஒரு கறுப்பின வீரன் தவறாகவும் முடிவு செய்யலாம், தவறிய பின்னும் வீரனாகவே இருக்கலாம் என்று இந்த ஏழைப் படம் காட்டியது. பாய்ட்டியரின் மருத்துவனுக்குக் கிட்டாத உரிமை இது.

இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? கொள்கையிலிருந்து வந்தது என்று ரொமேரோ ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. எழுத்துப்படியில் பென்னின் நிறம் குறிக்கப்படவில்லை; நடித்துக் காட்டியவர்களுள் ஜோன்ஸே சிறந்தவராயிருந்தார்; ஆகவே அவரைத் தேர்ந்தோம் என்பதே அவர் சொன்ன விளக்கம். எட்டிநின்று கேள்வி கேட்க ஒரு பெரிய கம்பெனி இல்லாமையால் அது கூடிற்று. ஆனால் நிறத்தைக் கவனிக்கவில்லை என்று இயக்குநர் எளிதாகச் சொல்லிவிடலாம். நடிகருக்கு அவ்வாறு கவனிக்காமல் இருக்க முடியுமா? ஜோன்ஸ் கற்றவர். எழுத்துப்படியில் பென் கொச்சையாகப் பேசும் முரட்டு லாரி ஓட்டுபவன். அந்தப் பேச்சை ஜோன்ஸ் தாமே திருத்தித் தம் இயல்பான நல்ல நடையிற் பேசினார். வெள்ளையப் பெண்ணைக் கறுப்பினத்தவன் அறையும் காட்சியை மக்கள் எவ்வாறு கொள்வார்களோ என்று அவர் கவலையுற்றதைப் படக்குழுவினர் பின்னாளிற் கூறியிருக்கிறார்கள். முன்னோடி என்ற புகழ் இயக்குநருக்குப் போயிற்று. அதன் பாரத்தைச் சுமந்தவர் ஜோன்ஸ் என்பது என் கருத்து.

முடிவைச் சொல்லவேண்டும். பொழுது விடிகிறது. துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் கூட்டம் ஒன்று பிணங்களைச் சுட்டுக்கொண்டே வருகிறது. சன்னலருகே தலை நீட்டிய பென்னையும் ஒரு பிணம் என்று கருதிச் சுட்டுவிடுகிறார்கள். அவன் உடலைக் கொக்கியாற் குத்தி இழுத்து நெருப்பிலிடுவதைப் படம் அசையாத நிழற்படங்களாகக் காட்டி முடிகிறது. பத்திரிகையில் வரும் மங்கிய படங்கள் போல அவை இருக்கின்றன. அந்நாட்டில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் அடித்துக் கொன்ற நிகழ்ச்சிகளின் நிழற்படங்களைப் பார்த்தவர்களுக்கு உடனே அவைதாம் நினைவுக்கு வரும். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். முடிந்த படத்தை விற்பதற்கு எடுத்துக்கொண்டு நியூயார்க்குக்குக் காரிற் சென்றபோது வானொலியில் அச்செய்தியைக் கேட்டதாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். முடிவை மகிழ்ச்சியாக மாற்றினால் வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டவர்களும் உண்டு; அவர்கள் மாற்றவில்லை.

ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. இன்ன படம் சிறுவருக்கு ஆகாது என்று வகைப்படுத்தும் முறை அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது 1968 நவம்பர் முதல் நாள். இப்படம் வெளியானதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து. எனவே பகற்காட்சிக்குச் சின்னஞ்சிறு பிள்ளைகள் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். படத்தின் சிறப்பு அதற்குச் சமாதானம் ஆகாது.

இத்தனை சொன்ன பின், அதே வீட்டிலிருந்த பெண்களைப் பாருங்கள். முதற் காட்சியில் அண்ணனைப் பறிகொடுத்து ஓடிவரும் பார்பரா, வீட்டுக்குள் வந்தபின் சித்தம் பேதலித்துச் சோபாவில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவளே. ஜூடி என்ற இளம்பெண் காதலன் பின்னால் ஓடி அவனோடு எரிந்துபோகிறாள். கூப்பரின் மனைவி ஹெலன் மட்டும் கூரிய அறிவும் நாவும் உடையவள். அவள் தன் மகள் கையாலேயே மடிகிறாள். ஹெலனாக நடித்த மர்லின் ஈஸ்ட்மன், படத்துக்கு முதல் போட்டவர்களுள் ஒருவர். ஒப்பனை வேலையிற் பங்கு கொண்டவர். பூச்சியைப் பிடித்துத் தின்னும் பிணமாக வந்தவரும் அவரே. திரைக்குப் பின்னால் ஒரு பெண் மூன்று வேலை பார்க்க, திரையில் பெண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு கதவை அறியாமலே திறந்துவைத்தவர்கள், அடுத்த கதவு அங்கிருப்பதையே காணவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. பெயர் மாற்றத்தின்போது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனதால், அந்நாட்டு அன்றைய சட்டப்படி படம் எல்லார்க்கும் பொதுவாகிவிட்டிருந்தது. எடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய வருவாய் சேரவில்லை. 1990இல் அதே கதையை டாம் சாவினி மறுபடி இயக்க, எழுத்துப்படியை ரொமேரோவே எழுதினார். பார்பராவை அவர் முற்றிலும் மாற்றிவிட்டார். பட்ரீஷியா டால்மன் நடித்த புதிய பார்பரா துப்பாக்கி எடுக்கிறாள், அது பெரிதன்று. ஆடவர் இருவர் மேலா கீழா என்று சண்டையிட்டுக்கொண்டிருக்க, அவள் சன்னல் வழியே நோக்கி, இந்தப் பிணங்கள் மிக மெதுவாக நடக்கின்றன, நாம் இவற்றைக் கடந்து நடந்தே போய்விடலாமே என்கிறாள். பழைய படத்தில் ஏழு பேரும் ஓரிரவு முழுதும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி அது! அவள் நடந்துபோய்ப் பிழைக்கிறாள். ஆனால் பென், இம்முறை டோனி டாட் என்ற கறுப்பின நடிகர், இந்தப் படத்திலும் பிழைக்கவில்லை.

டுவேன் ஜோன்ஸ் பின்னர் 1973இல் 'கஞ்சா அண்டு ஹெஸ்' என்ற சிறு செலவுப் படத்தில் மானிடவியல் அறிஞராக நடித்தார். எழுதி இயக்கியவர் பில் கன் என்னும் கறுப்பினக் கலைஞர். இரத்தம் குடிக்கும் பேய்க்கதை வேண்டும் என்று கேட்ட முதலாளிகளுக்கு அவர் ஆழ்ந்த கலைப்படைப்பொன்றைக் கொடுக்க, அவர்கள் அதை வெட்டிக் குறைத்து வேறு பெயரிட்டு விற்றார்கள். ஜோன்ஸுக்கு நடிப்பு ஒரு பகுதியே. ஆண்டியாக் கல்லூரியில் இலக்கியமும், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓல்ட் வெஸ்ட்பரி கல்லூரியில் நாடகமும் கற்பித்தார். 1988இல் மறைந்தார். அவரிடம் படித்த மாணவர்கள் எத்தனை பேர் அவரைத் திரையில் கண்டு திடுக்கிட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

2017இல் ஜோர்டன் பீல் 'கெட் அவுட்' என்ற படத்தை எடுத்தார். 45 இலட்சம் டாலர் என்பது இக்கால ஹாலிவுட்டில் சிறு செலவே. கறுப்பின இளைஞர்களின் உடலுக்குள் வெள்ளையர்கள் தம் மூளையைப் பொருத்திக்கொண்டு ஆயுளை நீட்டுகிறார்கள் என்பது கதை. 2018இல் சிறந்த சொந்தக் கதை வசனத்துக்கான ஆஸ்கார் பரிசு அதற்குக் கிடைத்தது. அப்பரிசு பெற்ற முதற் கறுப்பின எழுத்தாளர் பீல். 1968ஆம் ஆண்டுப் படத்துக்குத் தாம் பட்ட கடனை அவர் மறைக்கவில்லை. படத்தின் முடிவில், தன்னைக் கொல்ல முயன்ற வெள்ளையப் பெண்ணின் அருகே சாலையில் மண்டியிட்டிருக்கிறான் கதாநாயகன். இருளில் ஒரு காரின் எச்சரிக்கை விளக்குகள் சுழன்று மின்னுகின்றன. கொட்டகையில் இருப்பவர்கள் எல்லாரும் போலீஸ் வந்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். வந்தவர்கள் யாரைக் குற்றவாளி என்று கொள்வார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பீல் முதலில் அவ்வாறே, அவன் சிறைக்குப் போவதாகவே, ஒரு முடிவைப் படம்பிடித்திருந்தார். பின்னர் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். கதவு திறக்கிறது, காரிலிருந்து இறங்குகிறவன் அவனுடைய நண்பன்.